மனச்சிதைவிலிருந்து பெரட்டு வரை: சுங்கை சிப்புட் வட்டாரக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

மனச்சிதைவு நோயை டாக்டர்கள் ஸ்கிசோஃப்ரினியா என்பார்கள். மாத்திரை ஒழுங்காகப் போனால் காதில் கேட்கும் குரலும் வீண் சந்தேகமும் சில வாரங்களில் குறையத் தொடங்கும். ஆனால் காலையில் எழுவது, குளிப்பது, கடைக்குப் போய்ச் சரியான மீதி வாங்கி வருவது, பெரட்டுக்கு (விடியற்காலையில் தோட்டத் தொழிலாளர்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம்) போய் நின்று வேலைக்குத் திரும்புவது ஆகியவை தானாக வந்துவிடாது. அதற்குத் தனியாக மெனக்கெட வேண்டும். பாரம், கடிதம், தேதி என்று குடும்பங்கள் அலைந்து களைத்துப்போவதும் இந்த இடத்தில்தான். கீழே உள்ள வரிசைப்படி போனால் அலைச்சல் பாதியாகும். இது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டை வைத்து எழுதியது. வேறு தோட்டப்புற ஊர் என்றால் ஆஸ்பத்திரியின் பெயரும் சமூகநல இலாகா இருக்கும் ஊரும் மட்டும் மாறும்.

1. முதலில் ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு ஃபைல்

நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று தேதிகளை எழுதுங்கள்: வேலைக்குப் போகாமல் நின்ற நாள், மனநல டாக்டரை முதன்முதலில் பார்த்த நாள், சம்பளச் சீட்டில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா பிடித்த கடைசி மாதம். மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு கார்டுக்குக் குறைந்தது 2 வருட மனநல சிகிச்சை நடந்திருக்க வேண்டும். சொக்சோ பென்ஷனுக்குக் கடைசி 40 மாதச் சந்தாவை எண்ணுவார்கள். இரண்டுக்கும் தேதிதான் ஆதாரம். "ரெண்டு மூணு வருஷம் இருக்கும்" என்று கவுண்டரில் சொன்னால் வேலை நடக்காது.

ஃபைலில் இருக்க வேண்டியவை: ஐசி (அடையாள அட்டை) நகல் ஐந்தாறு, பிறப்புப் பத்திரம், பாஸ்போர்ட் அளவுப் படம், அப்பாயின்ட்மென்ட் அட்டை, டிஸ்சார்ஜ் கடிதம், எல்லா எம்சியின் (மருத்துவ விடுப்புச் சீட்டு) நகல், கடைசி இரண்டு வருடச் சம்பளச் சீட்டு, பேங்க் கணக்கு எண். மூலப் பத்திரத்தை எந்தக் கவுண்டரிலும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டுங்கள், நகலைக் கொடுங்கள்.

ஐசியே இல்லாதவர் என்றால் அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவர் கட்டணம் விழும். ஆஸ்பத்திரியில் சமூகநல அதிகாரி இருப்பார், முதல் நாளே அவரைப் பாருங்கள். ஓகேயு பதிவு குடிமக்களுக்குத்தான். அதனால் ஐசி விவகாரத்தையும் கூடவே நகர்த்த வேண்டும்.

2. அரசாங்க கிளினிக்கிலிருந்து மனநலப் பிரிவுக்கு

நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். ஆள் அடங்காத நிலையில் இருந்தால் மட்டும் எமர்ஜென்சிக்குப் போங்கள். மற்றபடி அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி டாக்டரைப் பார்த்து, மனநலப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு தடவைக்கு 5 வெள்ளி. தனியார் கிளினிக் கடிதத்தோடு போனால் முதல் தடவை கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். சுங்கை சிப்புட் பக்கத்தவர்களை ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் ஆஸ்பத்திரிக்கோ, தஞ்சோங் ரம்புத்தானில் உள்ள உலு கிந்தா பஹாகியா ஆஸ்பத்திரிக்கோ அனுப்புவார்கள். தஞ்சோங் ரம்புத்தான் என்றாலே ஊர் சிரிக்கும் என்று பயந்து கடிதத்தை அலமாரியில் போட்டுவைக்கிற வீடுகள் உண்டு. சிகிச்சை தள்ளிப்போகிற ஒவ்வொரு மாதமும் பழைய நிலைக்குத் திரும்புவதைக் கடினமாக்கும்.

டாக்டருக்குப் பத்து நிமிஷம்தான் கிடைக்கும். அதற்காக ஒரு தாளில், முடிந்தால் மலாயில், ஐந்து விஷயங்களை எழுதிக்கொண்டு போங்கள்: எப்போதிலிருந்து, இரவில் எத்தனை மணி நேரம் தூக்கம், தனியாக என்ன பேசுகிறார், யார் மேல் சந்தேகம், சம்சு (மலிவுச் சாராயம்), கஞ்சா, கெத்தும் இலை, போதை மாத்திரை ஏதாவது பழக்கம் உண்டா. கடைசி விஷயத்தை மறைக்காதீர்கள். டாக்டர் போலீசுக்குச் சொல்வதற்காகக் கேட்கவில்லை, மருந்தைத் தீர்மானிக்கக் கேட்கிறார். கூடப் போகிறவர் அவரோடு ஒரே வீட்டில் இருப்பவராக இருக்கட்டும். கார் வைத்திருக்கிற மாமாவுக்கு இரவில் என்ன நடக்கிறது என்று தெரியாது.

கோயிலுக்குப் போவது, மந்திரிப்பது, கயிறு கட்டுவது எல்லாம் உங்கள் விருப்பம். இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: மருந்தை நிறுத்தச் சொல்கிறவரிடம் போக வேண்டாம், அடித்து ஓட்டுகிறவரிடம் போகவே வேண்டாம்.

3. வர மறுத்தால்

2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. உறவினர் ஒருவர் விண்ணப்பிக்கலாம். கூடவே, அவரை நேரில் பார்த்த ஒரு டாக்டரின் பரிந்துரையும் வேண்டும். அந்தப் பரிசோதனை அட்மிஷனுக்கு முந்தைய 5 நாட்களுக்குள் நடந்திருக்க வேண்டும். போன வாரம் எழுதி வாங்கிய கடிதம் செல்லாமல் போவது இதனால்தான். தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் போலீஸ் அதிகாரியோ சமூகநல அதிகாரியோ அவரைப் பிடித்துப் பரிசோதனைக்குக் கொண்டுபோக அதே சட்டம் அனுமதிக்கிறது.

999-க்கு அழைக்கும்போது முதல் வாக்கியத்திலேயே "சாக்கிட் மென்டல்" (மனநோய்) என்று சொல்லுங்கள். எந்த ஆஸ்பத்திரியில் பதிவு, கையில் ஆயுதம் உண்டா இல்லையா என்பதையும் சொல்லுங்கள். "ஒருத்தன் கத்தியோட நிக்கிறான்" என்று மட்டும் சொன்னால் வருகிறவர்கள் வேறு மாதிரித் தயாராகி வருவார்கள். அப்பாயின்ட்மென்ட் அட்டையை வாசலிலேயே காட்டுங்கள். செம்பனைக் குலை வெட்டுகிற அரிவாள், பாராங் கத்தி எல்லாம் வீட்டை விட்டு வெளியே போகட்டும்.

4. வேலை கையைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது

தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். அதனால் இதை ஆஸ்பத்திரி வேலையோடு சேர்த்தே செய்ய வேண்டும். சொல்லாமல், தகுந்த காரணம் இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால் ஒப்பந்தத்தை மீறியதாக எடுத்துக்கொள்ள வேலைச் சட்டம் இடம் தருகிறது. நோயில் இருப்பவர் தோட்ட ஆபீஸ் கிராணிக்குப் (குமாஸ்தா) போன் போட்டுச் சொல்ல மாட்டார். வீட்டில் ஒருவர்தான் சொல்ல வேண்டும். எம்சி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தெரிவியுங்கள். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பி, அந்தப் பதிவை அழிக்காமல் வையுங்கள்.

சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு இரண்டு வருடத்துக்குக் குறைந்த சர்வீசுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்கு 18, ஐந்துக்கு மேல் 22. வார்டில் சேர்த்தால் வருடத்துக்கு 60 நாள் தனி. 2023 ஜனவரியிலிருந்து இந்த 60 நாளில் மற்றதைக் கழிப்பதில்லை. "ரிசைன் லெட்டர்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, குணமானதும் சேர்த்துக்கிறோம்" என்று யாராவது சொன்னால், நல்ல மனதோடுதான் சொல்கிறார் என்றாலும் கையெழுத்து வேண்டாம். முதலில் தோட்டத் தொழிலாளர் சங்கப் பிரதிநிதியிடமோ தொழிலாளர் இலாகாவிடமோ கேளுங்கள்.

5. மாத்திரையும் ஊசியும்

மருந்து முழுதாக வேலை செய்ய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். முதல் தடவை வந்த நோய்க்கே குணமான பிறகு ஒன்று இரண்டு வருடமாவது தொடரச் சொல்வார்கள். இரண்டாம் தடவை வந்தவருக்கு இன்னும் நீளும். "நல்லா ஆயிட்டான், இன்னும் எதுக்கு மாத்திரை" என்று வீட்டிலேயே நிறுத்துவதுதான் நோய் திரும்புவதற்கு முதல் காரணம்.

ஈப்போவுக்கு மாதாமாதம் மருந்துக்காக மட்டும் போக வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி ஃபார்மசியில் 'எஸ்பியூபி' வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த மாதங்களின் மருந்து உங்கள் ஊர்க் கிளினிக்கில் கிடைக்கும். எல்லா மனநல மருந்தும் சின்னக் கிளினிக்கில் ஸ்டாக் இருக்காது. மருந்து தீர ஒரு வாரம் இருக்கும்போதே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

தினமும் மாத்திரை விழுங்குவது சண்டையாகிறது என்றால் ஊசியைப் பற்றிக் கேளுங்கள். இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசிகள் உண்டு. தினமும் நடக்கிற "போட்டியா, போட்டியா" நின்றாலே வீட்டில் பாதிச் சூடு தணிந்துவிடும்.

வழக்கமாகக் கோளாறாகும் இடங்கள்:

கழுத்து ஒரு பக்கம் முறுக்கி, கண் மேலே செருகி, நாக்கு இழுத்துக்கொண்டால் அது சாமி வந்தது ஆகாது. மருந்தால் தசை இழுக்கிறது. கிளினிக்கில் ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகும். ஒரு இடத்தில் உட்கார முடியாமல் கால் துடித்துக்கொண்டே இருப்பதும் மருந்தின் வேலைதான், நோய் முற்றுவதாக எண்ணிவிடாதீர்கள். டாக்டர் அளவைக் குறைப்பார் அல்லது மருந்தை மாற்றுவார். கடுங்காய்ச்சலோடு உடம்பு கட்டைபோல விறைத்து, புத்தியும் தடுமாறினால் அன்றே எமர்ஜென்சி.

இரண்டு வகை மருந்தைச் சரியாகக் கொடுத்துப் பார்த்தும் பலிக்காதவருக்கு குளோசபைன் தருவார்கள். முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை, பிறகு மாதம் ஒரு முறை. போக்குவரத்துச் செலவைத் தொடங்குவதற்கு முன்பே கணக்குப் போடுங்கள். தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் பனடால் கொடுத்துப் படுக்க வைக்காமல் அன்றே ரத்தம் எடுக்கப் போங்கள். மலச்சிக்கலையும் அலட்சியம் செய்யாதீர்கள், இந்த மருந்தில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி தொடங்கக் கூடாது. டாக்டர் மிகச் சின்ன அளவிலிருந்து ஏற்றுவார்.

சிகரெட் விஷயம் பலருக்குத் தெரியாது. சிகரெட் புகை குளோசபைனையும் ஓலன்சபைனையும் உடம்பு சீக்கிரம் கரைக்கும்படி செய்துவிடும். வார்டில் புகைக்காமல் இருந்தபோது போதுமாக இருந்த அளவு, வீட்டுக்கு வந்து தினம் ஒரு பெட்டி ஊதும்போது போதாமல் போகும். அதேபோல் புகைப்பதைத் திடீரென்று விட்டால் மருந்து ஏறி மயக்கம் தட்டும். கூட்டினாலும் குறைத்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

எடையை மாதம் ஒரு முறை பாருங்கள். சர்க்கரையும் கொழுப்பும் தொடக்கத்தில் ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை. ஒரு நாளைக்கு நாலு தே தாரிக் குடிக்கிறவருக்கு முதலில் அதைத் 'தே ஓ கோசோங்' (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) ஆக்குங்கள். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றாலோ மார்பில் பால் கசிந்தாலோ வெட்கப்படாமல் சொல்ல வேண்டும், மருந்தை மாற்றலாம்.

தைப்பூசத்துக்கோ தீமிதிக்கோ விரதம் என்றால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நேரத்தை மாற்ற முடியுமா என்று ஃபார்மசியில் கேளுங்கள். இரவு முழுக்கக் கண்விழிப்பும் உறுமி மேளமும் தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் நோய் தலைதூக்கும்.

6. எழுந்து, குளித்து, கடைக்குப் போய் வருவது

குரல் அடங்கிய பிறகும் ஆள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். பேச்சு குறையும், ஆசை குறையும், ஒரு வேலையைத் தொடங்கிவைக்கிற உந்துதல் இருக்காது. இதுவும் நோயின் பகுதி. "சோம்பேறி, சாப்பிட மட்டும் தெரியுது" என்கிற ஏச்சு மாத்திரை செய்கிற வேலையைக் கெடுத்துவிடும். வான், லெஃப் என்ற ஆய்வாளர்கள் லண்டனில் செய்து 1976-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது: ஏச்சும் அளவுக்கு மீறிய தலையீடும் உள்ள வீட்டில், வாரத்தில் 35 மணி நேரத்துக்கு மேல் முகத்தோடு முகம் பார்த்து இருந்தவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது. இரண்டு அறை லயத்து வீட்டில் இது எவ்வளவு சிரமம் என்று தெரியும். ஆனாலும் மத்தியானம் இரண்டு மணி நேரம் அவர் வெளியே கொய்யா மரத்தடியிலோ நீங்கள் அண்டை வீட்டிலோ இருக்க ஏற்பாடு செய்யலாம்.

"குளிச்சிட்டு வா" என்பது நமக்கு ஒரு வேலை. அவருக்கு அது ஆறு வேலை: எழுவது, துண்டு எடுப்பது, மாற்றுத் துணி தேடுவது, தண்ணீர் மொள்ளுவது, சோப்பு போடுவது, ஈரத்துணியை அலசுவது. நோய் வந்த மூளைக்கு வரிசையைப் பிடித்து வைப்பது கடினம். துண்டு, சட்டை, சோப்பு மூன்றையும் ஒரு வாளியில் போட்டு, தினமும் அதே நேரத்தில் குளியலறை வாசலில் வையுங்கள். "வாளி வச்சிருக்கேன்" என்று ஒரே வாக்கியம் சொல்லுங்கள், சொல்லிவிட்டு நகருங்கள். அரை மணி கழித்து இன்னொரு முறை, அதற்கு மேல் அன்றைக்கு வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் குளித்தால் அதுவே முன்னேற்றம், நோட்டில் ஒரு கோடு போடுங்கள்.

ஒரு புது வேலை பழகிய பிறகுதான் அடுத்தது. வேகம் மாதக்கணக்கில் இருக்கும், வாரக்கணக்கில் எதிர்பார்த்தால் இருவரும் சோர்ந்துபோவீர்கள். கடைக்கு அனுப்புவதை இப்படித் தொடங்கலாம்: தாளில் இரண்டே சாமான், கையில் 10 வெள்ளி, கூட்டம் இல்லாத நேரம். ரசீதும் மீதியும் மேசையில் வைக்கட்டும். கணக்கு தவறினால் திட்டாமல் மறுநாள் அதே இரண்டு சாமான். சரியாக வந்தால் மூன்றாவது சாமானைச் சேர்க்கலாம்.

பணத்தில் ஒரு பெரிய பொறி உண்டு. நோயாளியின் ஐசியைக் காட்டி மோட்டார் லோன் எடுப்பதற்கும், ஆ லோங்குக்கு (கந்துவட்டிக்காரர்) ஜாமீன் போடுவதற்கும், பேங்க் கார்டை இரண்டு மூன்று நூறு வெள்ளிக்கு 'வாடகைக்கு' வாங்குவதற்கும் ஆள் வருவார்கள். கடைசியாகச் சொன்னதில் போலீஸ் கேஸ் கணக்குக்காரர் மேல்தான் விழும். பேங்க் கார்டையும் ஐசியையும் எங்கே வைப்பது என்று அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். செலவுப் பணத்தை வாரம் ஒரு முறை கொடுங்கள்.

கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்று சொல்கிற பெரியவர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். நோயை மறைத்துச் செய்கிற கல்யாணம் இரண்டு பேரை முடக்கும்.

7. ஓகேயு கார்டு

பதிவு இலவசம். பாரத்தைச் சமூகநல இலாகாவில் வாங்கலாம், இணையத்திலும் இருக்கிறது. சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்துக்கு உட்பட்டது, அந்த மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். ஐசி நகல், பாஸ்போர்ட் அளவுப் படம், டாக்டர் பகுதி நிரப்பிய பாரம் வேண்டும். மனநல வகைப் பதிவு என்றால் மனநல நிபுணர் கையெழுத்திட வேண்டும். குறைந்தது 2 வருடச் சிகிச்சையும், அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருப்பதும் தெரிய வேண்டும்.

பாரத்தை அப்பாயின்ட்மென்ட் அன்று எடுத்துப்போய் நீட்டாதீர்கள். முந்தைய அப்பாயின்ட்மென்டிலேயே சொல்லிவைத்தால் அடுத்ததில் ஃபைலைப் பார்த்து நிரப்பித் தருவார்கள். "வீட்டுல எப்படி இருக்கார்?" என்ற கேள்விக்கு மரியாதைக்காக "பரவாயில்ல டாக்டர்" என்று சொல்லிவிட்டு, பிறகு பாரத்தில் லேசான பாதிப்பு என்று எழுதியிருப்பதைப் பார்த்து வருந்திப் பயனில்லை. குளிப்பு, சமையல், பணம், தூக்கம் பற்றி நோட்டில் உள்ளதைப் படித்துக் காட்டுங்கள்.

கார்டு வந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிக் கட்டணமும் மூன்றாம் வகுப்பு வார்டுக் கட்டணமும் இல்லை. உதவித்தொகை தானாக வராது, தனி விண்ணப்பம் போட வேண்டும். வேலை செய்ய இயலாதவருக்கு ஒரு உதவி, குறைந்த சம்பளத்தில் வேலை செய்பவருக்கு ஓகேயு தொழிலாளர் அலவன்ஸ் என்று வேறொன்று. 2021-இல் முதலாவது மாதம் 300 வெள்ளிக்கும் இரண்டாவது 450 வெள்ளிக்கும் உயர்ந்தது. இப்போதைய தொகையையும் வருமான வரம்பையும் கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை கிடைத்ததும் இலாகாவுக்குத் தெரிவித்து, முதலாவதை விட்டு இரண்டாவதுக்கு மாறுங்கள்.

8. சொக்சோ

இதில் தாமதம் நேரடியாகக் காசு இழப்பு. 'பென்சென் இலாட்' (வேலை செய்ய இயலாதவருக்கான பென்ஷன்) முழுத் தகுதிக்கு, விண்ணப்பிக்கும் மாதத்துக்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருக்க வேண்டும். விடாமல் வேலை செய்தவர்கூட, நின்று 16 மாதத்துக்கு மேல் விண்ணப்பிக்காமல் இருந்தால் இந்தக் கணக்கில் விழமாட்டார். நீண்டகாலம் சந்தா கட்டியவருக்கு வேறொரு கணக்கு உண்டு: சொக்சோவில் சேர்ந்ததிலிருந்து மொத்த மாதங்களில் மூன்றில் இரண்டு பங்கு கட்டியிருக்க வேண்டும், அதுவும் 24-க்குக் குறையாமல். மூன்றில் ஒரு பங்குதான் என்றால் குறைந்த பென்ஷன். வயது 60-க்குள் இருக்க வேண்டும். வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிலை என்று மருத்துவக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும்.

குத்தகைக்காரர் கீழ் வேலை செய்தவர் முதலில் ஐசியோடு ஈப்போ சொக்சோ அலுவலகத்தில் சந்தாப் பட்டியலை எடுங்கள். சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கட்டாமல் விடுவது நடக்கிற காரியம்.

இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு அவசரப்பட்டு பென்ஷன் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வேலைக்குத் திரும்ப வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்னால் சொக்சோவின் மறுவாழ்வுத் திட்டத்தை, 'ரிட்டர்ன் டு வொர்க்' என்று சொல்லிக் கேளுங்கள். ஆனால் 16 மாதக் கணக்கை நோட்டில் எழுதி வட்டம் போட்டு வையுங்கள்.

9. வேலைக்குத் திரும்புவது

'மெந்தாரி' என்ற சமூக மனநல மையங்களில் வேலை தேடித்தரவும் முதலாளியிடம் பேசவும் ஆள் இருக்கிறார்கள். உங்கள் வட்டாரத்துக்கு எது பக்கம் என்று மனநலப் பிரிவில் கேளுங்கள். சில அரசாங்க கிளினிக்குகளிலும் வாராந்திர மறுவாழ்வுப் பயிற்சி நடக்கிறது.

தோட்டத்திலேயே திரும்புவது என்றால் விடியற்காலைப் பெரட்டுதான் முதல் தடை. இரவு பத்து மணிக்கு மாத்திரை போட்டால் காலை ஐந்துக்கு எழ முடியாது. மாத்திரையை இரவு ஏழு, எட்டு மணிக்கு முன்தள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வேலை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அந்த நேரத்துக்கு எழுப்பிப் பழக்குங்கள்.

உதிரிப்பழம் பொறுக்குவது, நர்சரியில் பை நிரப்புவது போன்ற, ஒரே மாதிரி நடக்கும் வேலையில் தொடங்கட்டும். முதலில் அரை நாள், வாரத்தில் மூன்று நாள். குலை வெட்டு வேண்டாம். கை நடுக்கமும் தூக்கமும் இருக்கும்போது நீளக் கம்பு ஆபத்து. களைக்கொல்லி, பூச்சிமருந்து அடிக்கும் வேலை கண்டிப்பாக வேண்டாம். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020-லிருந்து தடை என்றாலும் மற்ற விஷங்கள் ஸ்டோரில் இருக்கின்றன. மனம் உடைந்த ஒரு நிமிஷத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் அவை இருக்கக் கூடாது, உங்கள் வீட்டுப் பின்கட்டிலும் இருக்கக் கூடாது. மனநோய்க்கான மருந்துகள் சிலருக்கு வெயில் தாங்கும் சக்தியைக் குறைக்கும். தண்ணீர், தொப்பி, பத்து மணிக்கு நிழலில் உட்கார அனுமதி ஆகியவற்றை மண்டோரிடம் (வேலைக் கண்காணி) முன்கூட்டியே பேசி வையுங்கள். நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "மருந்து சாப்பிடுறான், வெயில் ஆகாது" என்பது போதும்.

10. மறுபடி தலைதூக்கினால்

ஒவ்வொருவருக்கும் அடையாளம் வேறு. சிலருக்கு இரண்டு இரவு தூக்கமில்லாமை, சிலருக்கு ஜன்னலைத் துணியால் மூடுவது, சிலருக்கு அம்மா கையால் சமைத்ததைச் சாப்பிட மறுப்பது. நன்றாக இருக்கும் நாளில் அவரோடு உட்கார்ந்து, போன தடவை முதலில் மாறியது எது என்று கேட்டு மூன்றை எழுதுங்கள். அதற்குக் கீழே: கிளினிக் எண், யார் வண்டி ஓட்டுவார், யார் பிள்ளைகளைப் பார்ப்பார், எந்த ஆஸ்பத்திரி. அந்தத் தாளை ஐஸ்பெட்டியில் ஒட்டுங்கள். மூன்றில் ஒன்று தெரிந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் போன் போட்டு முன்தேதி கேளுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

பேசிக் கேட்க சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555, மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் தாலியான் காசே 15999. சாகப் போகிறேன் என்று சொன்னால், நேரம் எதுவானாலும் எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போங்கள். போகும்போது அந்த ஃபைலையும், அப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளை அட்டையோடும் எடுத்துக்கொள்ளுங்கள்.